ரத்தோட்டை இறக்கமும் எமது மினி மோட்டாரும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தினர் விடுத்த அன்பழைப்பு நாவுலயில் எம்மை வந்தடைந்த வேளையில், நாம் ஒரு மோட்டார் வண்டியின் கீழே மல்லாந்து கிடந்தோம். தமிழாசிரியர் ஒருவர் கிடக்கத் தக்க இடம் அதுவன்று என்பதை அறிவோம். இலக்கிய நயம் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ எழுதுவோமென்று சங்கத்தினர் எதிர்பார்த்திருக்கலாம். ஆயினும் இரு கைகளிலும் கரி படிந்திருந்த அந்நேரத்தில் எம் உள்ளத்தை ஆட்கொண்டிருந்த பொருள் பிறேக் ஒன்றே. ஆதலின் அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

கல்லூரியை விட்டு நீங்கிக் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றபின், நியமனக் கடிதம் காட்டிய திசையில் மலைநாடு வந்து சேர்ந்தோம். மாத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்து, நாவுலயிற் குடியிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ-9 வீதியில், தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை எய்துமுன் வரும் சிற்றூர் இது. எலஹெரவுக்கு வீதி பிரிவது இங்கேதான். இரவுப் பேருந்திற் பயணஞ் செய்யும் நம் பழைய மாணவர் பலர் இவ்வூரை உறக்கத்திலேயே கடந்திருப்பர்.

சமதரையிற் பிறந்தவனுக்குப் பிறேக்கின் அருமை தெரியாது. எம் ஊரில் மேடு என்று சொல்லத் தக்கது வயல் வரம்பு ஒன்றுதான். நாம் கல்லூரியிற் பயின்ற 1990களில் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலான பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் பொத்திவைத்த சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வண்டிகள் கக்கிய வெண்புகையை முகர்ந்துகொண்டே நாம் கல்லூரிக்குச் சைக்கிள் மிதித்தோம். பழைய மோட்டார் மீது எமக்குள்ள பித்து அக்காலத்தது. வண்டி ஓடுமா என்பதே அந்நாளைய கேள்வி. நிற்குமா என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

நிற்க. எம் தமக்கையாரின் ஒரே மகன், தந்தையை இழந்தவன், எம்முடன் தங்கித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறான். அவன் வாங்கியது 1970களில் உற்பத்தியான மினி வண்டி. 1959இல் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து வெளிவந்த அச்சிறு வண்டியை நம் நாட்டில் அறியாதார் இலர். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ நெடுந்தூரப் போட்டியைக் கூப்பர் எஸ் என்னும் அதன் வேக வகை வென்றது. மருமகனின் அறைச் சுவரில் அப்படமே தொங்குகிறது. நுவரெலியாவில் சித்திரை மாதப் பருவத்தில் நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஒரு முறையேனும் ஓட வேண்டுமென்பது அவன் ஆசை.

998 கன சென்ரிமீற்றர் கொண்ட அவ்வண்டியின் சொந்த எஞ்சினுக்கு 40க்குங் குறைந்த குதிரை வலுவே உண்டு. அதைக் கழற்றிவிட்டு, பழைய ஒஸ்ரின் 1300 ஒன்றிலிருந்து 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பெற்றுப் பொருத்தினான். வலு ஏறத்தாழ 60ஆக உயர்ந்தது. அச்செலவில் ஒரு பங்கை நாமே கொடுத்தோம். இக்கட்டுரையில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய முதற்குற்றம் அது. முன்சில்லுகளில் அப்போதும் இருந்தவை பழைய டிரம் பிறேக்குகளே.

2023ஆம் ஆண்டில் ஒரு விடுமுறை நாள். யாழ்ப்பாணத்திலிருந்து தமக்கையார் வந்திருந்தார். ரிவர்ஸ்டன் மலையின் காற்றையும் பனிப்புகாரையும் அம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்று மருமகன் விரும்பினான். அவன் ஓட்ட, நாம் அருகில் இருக்க, பின்னாசனத்தில் தமக்கையாரும் எம் சிறிய மகளும் அமர, மாத்தளை சென்று ரத்தோட்டை வழியாக மலையேறினோம். புதிய எஞ்சின் ஏற்றத்தைத் துரும்பாக மதித்தது. அவன் முகத்திற் பெருமிதம். எமக்கும் அதிற் பங்குண்டு.

திரும்பி இறங்கும்போது அவன் மூன்றாம் கியரில், பிறேக் மிதியில் வைத்த காலை எடாமலே வந்தான். முதலில் ஒரு தீய்ந்த நாற்றம். தேயிலைத் தொழிற்சாலையின் மணமென்று எண்ணினோம். அடுத்த வளைவில் அவன், "மாமா, பெடல் கீழே போகுது" என்றான். குரல் தாழ்ந்திருந்தது; தாய்க்குக் கேட்கக் கூடாதென்ற எண்ணம் போலும். அதற்கடுத்த வளைவில் மிதி தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. "இரண்டாம் கியர்" என்று கத்திக்கொண்டே கைப்பிறேக்கை மெல்ல மெல்ல இழுத்தோம். எஞ்சின் அலறியது. இடப்புறம் பள்ளம், வலப்புறம் மலைச்சரிவு. மருமகன் வண்டியை வலப்பக்கத்து மண் அணையோடு உராய்த்து நிறுத்தினான். எதிரே பேருந்து எதுவும் வராதது இறைவன் அருள்.

வகுப்பறையில் பிறேக்கைத் 'தடுப்பு' என்றெழுதவே மாணவர்க்குக் கற்பித்து வந்தோம். அன்று அவ்விறக்கத்தில் அச்சொல் எம் வாயில் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்தல் வேண்டும்.

தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. எம் மகளை அணைத்தபடி வீதியோரக் கல்லொன்றில் அமர்ந்திருந்தார். அரைமணி நேரங் கழித்து மருமகன் மிதியை அழுத்திப் பார்த்தான். பழையபடி இறுகியிருந்தது! அதுவே எம்மை மேலும் அச்சுறுத்தியது. பழுதென்றால் பழுதாகவே இருக்க வேண்டும். தானே வந்து தானே போகும் பழுதை எங்ஙனம் நம்புவது? முதலாம் கியரில் ஊர்ந்து ரத்தோட்டையை அடைந்தோம். தமக்கையார் அங்கிருந்து பேருந்திலேயே வந்தார்.

நாவுலயில் எலஹெர வீதியோரம் முதிய பாஸ் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். சிங்களவர்; தமிழும் நன்கு பேசுவார். மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, உள்ளிருந்த ஒயிலை விரலில் தொட்டு எமக்குக் காட்டினார். சாயம் மிகுந்த தேநீரின் நிறம். "சேர், எஞ்சினைப் பெரிதாக்கினீர்கள், நல்லது. இதை எப்போது மாற்றினீர்கள்?" என்றார். நகரத்துக் கராஜொன்றில் மாற்றியதாகப் பற்றுச்சீட்டில் எழுதியிருந்தது. அக்கராஜின் பெயர் இங்கு வேண்டாம். பற்றுச்சீட்டை வாசித்தோம், ஒயிலை வாசிக்கவில்லை. பிழை எமதே.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறிய பின்போ அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. ஒயில் கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழ்கள் தோன்றும். நீர்மம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகி, சில்லைப் பற்றாது போகும். ஆறியதும் குமிழ் மறைய, மிதி மீண்டு வரும். அன்று மலையில் நாம் கண்ட மாயம் இதுவே. போதாக்குறைக்கு, சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும்.

அன்றிரவு கல்லூரியில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசான் நினைவுக்கு வந்தார். உயரத்திலிருந்து கல்லொன்றை விழவிட்டு, "அதன் சக்தி எங்கே போயிற்று?" என்று வினவுவார். அவர் பாடத்தில் நாம் பெற்ற புள்ளிகளை இம்மலரில் வெளியிடுதல் கல்லூரியின் புகழுக்கு ஏற்றதன்று. எனினும் தாளை எடுத்துக் கணக்கிட்டோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தப் பிறேக் விழுங்க வேண்டிய சக்தியை ஒரு பங்கு என்க. அதே வண்டி 100 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிப்படுவது ஏழு பங்கு! எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்வது போக மீதியெல்லாம் அந்தச் சிறு இரும்பு டிரம்களில் வெப்பமாகச் சேர வேண்டும். ரிவர்ஸ்டன் இறக்கமோ 100 மீற்றரோடு முடிவதன்று. வேகத்தின் கதையும் இவ்வாறே. 60இலிருந்து 80ஆக உயர்ந்தால் சக்தி ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று மேலாகிறது. எஞ்சின் மாற்றத்தில் நாம் மகிழ்ந்து வாங்கியது இந்தச் சுமையைத்தான்.

மருமகனோ மறுநாளே இங்கிலாந்தில் செய்யப்படும் நான்கு பிஸ்டன் அலுமினியக் காலிப்பர் ஒன்றின் படத்தோடு வந்தான். அழகிய பொருள், மினியின் 10 அங்குலச் சில்லுக்குள் அடங்கக் கூடியது. கடன்பட்டேனும் வாங்க வேண்டுமென்றான். 2022ஆம் ஆண்டில் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 அளவுக்கு ஏறிய பின், அப்படியொரு பொருளை வரவழைப்பது ஆசிரியர் வீட்டுக்கு ஆகுமா? "காசைப் பார்த்தா உயிரைப் பார்க்கிறது, மாமா?" என்றான். தன் தாய் அன்று கல்லில் அமர்ந்திருந்த காட்சி அவனை உறுத்திக்கொண்டிருந்தது. அக்கேள்விக்கு விடையிறுக்க எமக்குச் சொல் எழவில்லை. ஆயினும் அவன் காலிப்பரை மாட்டி, அந்தத் தேநீர் நிற ஒயிலையே அதனுள் ஊற்றியிருந்தால் மிதி மறுபடியும் தரைக்குத்தான் போயிருக்கும்.

பாஸின் கராஜில் ஓர் அப்பியாசக் கொப்பியை விரித்து மூவருமாகத் திட்டமிட்டோம். எமது ஒன்றரை மாதச் சம்பளமும் மருமகனின் ஆறு மாதச் சேமிப்பும் மூலதனம்.

முதற் பக்கத்தின் தலைப்பில் பாஸ் எழுதச் சொன்னது செலவே இல்லாத ஒன்று: மலையேறிய கியரிலோ அதனினுங் குறைந்ததிலோ இறங்குவது, பிறேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்துப் பின் முற்றாக விட்டு, ஆற இடங்கொடுப்பது. பேருந்துச் சாரதிகள் நாள்தோறும் செய்வது இதுவே. அதற்கடுத்து, உள்ளிருந்த ஒயில் முழுவதையும் வெளியேற்றிப் புதிய டொட் 4 ஊற்றுவது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச் சில்லில் தொடங்கி, ஒருவர் மிதிக்க ஒருவர் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினோம். மிதிப்பது எம் பணி. "பிடி", "விடு" என்ற இரு சொற்களுக்குப் பகல் முழுதும் கீழ்ப்படிந்தோம். மாணவரின் துன்பம் எமக்கு அன்று விளங்கிற்று.

றப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினும், மடித்துப் பார்க்க வெடிப்புகள் தெரிந்தன. அவற்றை மாற்றினோம். வீல் சிலிண்டர் இரண்டு கசிந்திருந்தன. லைனிங் கண்ணாடிபோல் மினுங்கியது, புதியது வாங்கினோம். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பதுண்டு. ஆதலால் டிரம்மின் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். மினி வண்டி வைத்திருக்கும் இளைஞர் இதைச் சிறிது கருத்திற் கொள்க. இவ்வளவுக்கும் ஆன செலவு, அவன் விரும்பிய காலிப்பரின் விலையில் ஐந்திலொரு பங்கும் ஆகவில்லை.

ரயர் பற்றிய வாதம் இரு நாள் நீடித்தது. பிறேக் சில்லை நிறுத்தும். வண்டியை நிறுத்துவது ரயர். ரயரின் பக்கத்திற் பொறித்த இறுதி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். எம் ரயர்கள் பத்தாண்டைக் கடந்தவை. மருமகன் உடனே புதிய 10 அங்குல ரயர் நான்கு வாங்கப் புறப்பட்டான். பாஸ் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். கொப்பியின் இரண்டாம் பக்கத்தை எழுதாமல் ரயர் வாங்கினால் அக்காசு வீண் என்றார். அந்த ஒரு சொல்லால் அவர் எமக்கு மிச்சப்படுத்தியது சிறு தொகையன்று.

அதன் காரணத்தை விளக்கச் சிறிது வரலாறு வேண்டும். டிஸ்க் பிறேக்குக்கு லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் 1902இலேயே உரிமம் பெற்றார். அரை நூற்றாண்டு கழித்து, 1953இல், லெ மான்ஸ் 24 மணிநேரப் போட்டியில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. டிரம் வண்டிகள் நெடுவீதி முடிவில் முன்னதாகவே வேகந் தணிக்க, ஜாகுவார் இன்னுஞ் சிறிது தூரம் விரைந்து சென்று பின் தணித்தது. வெளிக்காற்றில் சுழலும் தட்டு விரைவில் ஆறிவிடுவதே இரகசியம். மினி கூப்பர் 1961இல் 7 அங்குல டிஸ்க்கையும், கூப்பர் எஸ் 1963இல் ஏழரை அங்குல டிஸ்க்கையும் பெற்றன. ஏழரை அங்குலத் தட்டு 10 அங்குலச் சில்லுக்குள் அடங்கும். ஆனால் பழம்பொருள் சேர்ப்போர் அதற்குப் பொன் விலை கொடுக்கிறார்கள். 1984 முதல் எல்லா மினிகளும் 12 அங்குலச் சில்லும் 8.4 அங்குல டிஸ்க்கும் பெற்றன. சேகரிப்போர் நாடாத இவையே ஏழைக்கு உகந்தவை. பத்து அங்குலச் சில்லுக்குள் மட்டும் இவை நுழையா. ஆகவே சில்லை மாற்றினால்தான் டிஸ்க். டிஸ்க்கை முடிவு செய்தால்தான் ரயர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 தொடக்கத்தில் தனியார் வண்டிகளுக்கு வழி திறக்கும் வரை, நாட்டிற் பழைய உதிரிப்பாகங்கள் கிடைத்தற்கரியனவாயின. கொழும்புப் பஞ்சிகாவத்தையிற் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஈற்றில் கண்டியில் விபத்துக்குள்ளான 1980களின் பிற்பகுதி மினியொன்று அகப்பட்டது. டிஸ்க்கும் காலிப்பரும் மட்டும் போதா. சில்லைத் தாங்கும் பாகமும் அதற்குப் பொருந்தும் மூட்டும் அதே வண்டியினதாக இருக்க வேண்டும். ஆதலின் முன்பகுதி முழுவதையும், நான்கு சில்லுகளையும், மாஸ்டர் சிலிண்டரையும், மிதியின் பாரத்தைக் குறைக்கும் சேர்வோவையும் ஒன்றாகப் பேசினோம். தட்டின் ஓரத்தில் நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும் வரம்பு தேய்மானத்தின் அளவைக் காட்டும். இருந்த வரம்பு உயரமானது. தட்டிரண்டையும் புதிதாக வாங்க நேர்ந்தது. அங்கே எம் கணக்குச் சிறிது பிசகிற்று.

பின்சில்லுகளில் டிரம்மே இருக்கட்டுமென்றார் பாஸ். நிறுத்துகையில் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாயும். அப்போது பின்சில்லு முதலிற் பூட்டிக்கொண்டால் வால் திரும்பிவிடும். அதைத் தடுக்கவே மினியின் பின்பிறேக்குக்கு அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு உண்டு. அதை அகற்றினால் 'பிடிப்பு' கூடுமென்று மருமகனின் தோழன் ஒருவன் சொல்லியிருந்தான். பாஸ் அவனைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடித்தல் இயலாது.

கொப்பியின் மூன்றாம் பக்கத்தில் நான்கு பிஸ்டன் காலிப்பர் இன்னும் இருக்கிறது. மகாகஸ்தோட்டையில் ஓடும் நாள் வந்தால் பார்க்கலாமென்று அதன்கீழ் மருமகனே எழுதிவைத்தான். ஏறும் போட்டியிற் பிறேக்குக்கு என்ன வேலை என்று எம் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வளைவுகள் உண்டல்லவா? அன்றியும் ஏறிய வண்டி எப்படியும் இறங்கியே தீர வேண்டும்.

புதிய பாட் தட்டோடு இணங்குவதற்காக, மோரகஹகந்தைப் பக்கத்து ஆளில்லா வீதியில் அதிகாலையிற் பலமுறை வேகமெடுத்து, நிற்காத அளவுக்குத் தணித்து, ஆறவிட்டோம். பின்னர் மாமனும் மருமகனும் மட்டும் ரிவர்ஸ்டன் சென்று அதே பாதையில் இறங்கினோம். இரண்டாம் கியர். இடையில் இருமுறை நிறுத்திச் சில்லருகே கையைக் கொண்டுபோய் வெப்பம் பார்த்தோம். அந்த மண் அணையில் எம் வண்டியின் வர்ணம் ஒரு கீறலாக இன்னும் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்; பேசவில்லை. ரத்தோட்டை வரை மிதி ஓரங்குலமும் தாழவில்லை.

சென்ற தைப்பொங்கலுக்குத் தமக்கையார் யாழ்ப்பாணம்–கண்டிப் பேருந்தில் வந்து நாவுலச் சந்தியில் இறங்கினார். மருமகன் மினியோடு காத்துநின்றான். அவர் கதவைத் தொடவில்லை. "தம்பி, அந்த ஒயில் எப்ப மாத்தினது?" என்று கேட்டார். அவன் முன்மூடியைத் திறந்து, ஒயில் குப்பியில் ஒட்டியிருந்த துண்டுத் தாளைக் காட்டினான். தேதி எம் கையெழுத்தில் இருந்தது. கண்ணாடியை அணிந்து அதை இருமுறை வாசித்தார். பின்னர் பையை உள்ளே வைத்துவிட்டு, நாலந்தாக் கெடிகே வரை மட்டும் போய் வரலாமென்றார்.